சிடி நின்னுபோச்சு டோய்

பல்லடத்துக் கல்யாண வரவேற்பில் நதியாவும் பரணியும் லேப்டாப்புகளில் வேர்க்க விறுவிறுக்க இசை வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "இவ்வளவு நேரம் நமக்காகப் பாட்டுப் போட்ட தம்பிக்கும் பாப்பாவுக்கும் நன்றிங்க. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றார்.

பாட்டுப் போட்ட!

நதியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடந்ததையெல்லாம் அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மேடைக்கு வந்து, அந்தக் கம்ப்யூட்டரில் பொண்ணு மாப்பிள்ளை போட்டோவைப் பெரிதாகக் காட்டச் சொன்னார். இன்னொருவர் காரிலிருந்து ஒரு சிடியை எடுத்துவந்து நீட்டி, "இதுல நாலாவது பாட்டு அருமையா இருக்குமுங்க, அதைப் போடுங்க" என்றார். பாயசம் கொண்டுவந்தவர் மேசையில் இடமில்லை என்று தம்ளரை லேப்டாப்பின் மேலேயே வைக்கப்போனார். பரணி பாய்ந்து தடுத்திராவிட்டால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

திருப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பரணி சமாதானம் சொல்லிப் பார்த்தான்.

"விடுங்க நதியா. சோறு நல்லாயிருந்துச்சுல்லங்க?"

"பரணியண்ணே, ரெண்டாவது பாட்டுல நான் தப்பு விட்டேன். கவனிச்சீங்களா?"

"ஆமாங்க. அரைத் தாளம் முந்தி வந்துட்டீங்க."

"சிடில தப்பு வராது. மனுஷங்க வாசிச்சாத்தான் தப்பு வரும். அந்தத் தப்பக் கேட்டாவது ஒரு ஆளு திரும்பிப் பாக்கலயே!"

பரணி ஜன்னலுக்கு வெளியே கோழிப் பண்ணைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

இருவரும் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் எம்பிராய்டரி டிசைன் அறையில் வேலை பார்க்கிறவர்கள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் கரடிப் படத்தையும் கப்பல் படத்தையும் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றி மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. பரணி உள்ளூர் நெசவுக் குடும்பத்துப் பையன். அழகுமலை முருகன் கோயில் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவன். நதியா உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, பால்பல் விழும் முன்பே அம்மா ஒச்சாயியோடு பனியன் கம்பெனி வேலையை நம்பித் திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள். பள்ளிக்கூட நாளில் ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த கீபோர்டு கிளாசில் சேர்ந்து, அங்கே இருந்த ஒரே கீபோர்டை விட்டு எழுந்திருக்காமல் அடம்பிடித்தே கற்றுக்கொண்டாள்.

இரண்டு பேரையும் சேர்த்தது ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் நதியா ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பில் ஒரு தாளத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பரணி இன்னொரு காதுக்கானதை எடுத்து மாட்டிக்கொண்டான். அன்று டிபன் பாக்ஸைத் திறக்க இருவருக்குமே மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பரணி வீட்டு மாடியில் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பழைய லேப்டாப். அதனோடு ஒயரில் இணைத்த சின்னக் கீபோர்டு, விரலால் தட்டுகிற ரப்பர் பேட், ஒரு மைக். மைக்கில் விழுந்த ஓசையை லேப்டாப் பிடித்துக்கொள்ளும். அதைத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கீபோர்டின் ஒரு கட்டையில் வைத்துக்கொண்டால், எந்த ஓசையையும் வாத்தியமாக்கி வாசிக்கலாம். வாசித்ததைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன் மேலேயே அடுத்ததை வாசிக்கலாம். ஒரு ஆள் பத்து ஆளாகலாம்.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே! பரணியின் மனைவி சித்ராதேவி அதைப் பச்சையாகச் சொல்லிவிட்டாள். "கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க. கண்ணைத் திறந்தா, கரண்டு பில்லு கட்டற ஆபீசுல ரெண்டு பேரு உக்காந்திருக்கற மாதிரியே இருக்குது."

நதியா சிரித்தாள். சிரித்துவிட்டு ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், கம்பெனி ஆயுத பூஜைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவை ஏற்பாடு செய்திருந்தார்கள். அது தெரிந்ததும் நதியா பரணியிடம்கூடச் சொல்லாமல் மேனேஜர் கந்தப்பனின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி எங்களுக்கு அரை மணி நேரம் மேடை வேணும் சார். நானும் பரணியண்ணனும் லேப்டாப்புல வாசிக்கிறோம்."

கந்தப்பன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏனுங்மா, லேப்டாப்புல பாட்டுப் போடறதுக்கு மேடை எதுக்குங்க? நம்ம சவுண்டு சர்வீஸ் பையனே போடுவானே."

"போடல சார். வாசிக்கிறோம்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

நதியா நேராக முதலாளி மருதாசலத்தின் அறைக்குப் போனாள். கம்பெனியில் முதலாளி அறைக்கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று சொல்வார்களே தவிர, தையல்காரரோ டிசைனரோ அதைத் தள்ளித் திறந்தது கிடையாது. மருதாசலம் துணிச் சாம்பிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். புரிந்ததாகத் தெரியவில்லை.

"நல்லா வருமா கண்ணு?" என்றார்.

"வருங்க சார்."

"அப்பறமென்ன? வாசிச்சுப் போடுங்க."

விஷயம் தெரிந்து பரணி தலையில் கைவைத்துக்கொண்டான். "ரெண்டாயிரம் பேருங்க நதியா! அத்தனை பேரும் நாளைக்கு நம்ம மூஞ்சியப் பாத்துச் சிரிக்கற ஆளுங்க!"

அடுத்து நதியா சொன்னதுதான் அவனை இன்னும் பயமுறுத்திற்று. எதையும் முன்கூட்டித் தயார்செய்யாமல், கூட்டத்தின் ஓசையையே மைக்கில் பிடித்து, அவர்கள் கண்முன்னாலேயே பாட்டாக்க வேண்டும் என்றாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றார்கள். மைக் ஊளையிட்டது. பிடித்த ஓசை தாளத்தில் உட்காராமல் நொண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். கடைசியில் நதியாவே இறங்கிவந்தாள். தாளமும் அடிச்சுருதியும் தயாராகப் பரணியின் லேப்டாப்பில் இருக்கட்டும், மேலே இருவரும் வாசிப்போம் என்று முடிவாயிற்று.

வீட்டில் ஒச்சாயிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. அவள் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் துணியில் ஓட்டை பார்க்கிறவள். "பொட்டியத் தொறந்து வச்சுக்கிட்டுத் தலைய ஆட்டுற. அதுல என்னத்தடி வாசிக்கிற? எங்கூட வேலை பாக்குற பொம்பளைக கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றாள்.

"வந்து பாரும்மா."

"வாரேன், வாரேன். பொரி குடுப்பாகல்ல."

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, மத்தியானம் பூஜை முடிந்தது. சாயங்காலம் லாரி நிற்கும் முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் ஆண்கள், பின்னால் ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். எல்லார் மடியிலும் பொரிகடலைப் பொட்டலம். மெல்லிசைக் குழுக்காரர்கள் பளபளக்கும் சட்டையோடு மேடை ஓரத்தில் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

நதியாவும் பரணியும் மேடையேறி இரண்டு லேப்டாப்புகளையும் திறந்தபோதே ஆண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. "என்னப்பா, சம்பளக் கணக்குப் பாக்கப் போறாங்களா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு பரவியது.

வாசிக்க ஆரம்பித்தார்கள். பரணியின் தாளம் கிளம்பியது. நதியா கட்டைகளில் கைவைத்தாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் கூட்டம் பொரியைக் கொறித்துக்கொண்டு, இது ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிக்கும் வரைக்குமான ரேடியோ என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் காசிமாயன் எழுந்து நின்றான். கரண்டு மெஷினில் தைக்கிற பவர்டேபிள் தையல்காரன், உசிலம்பட்டிப் பக்கத்தவன். அவன் வாயைத் திறந்தால் மெஷின் சத்தத்தையும் மீறிக் கடைசி லைன் வரைக்கும் கேட்கும்.

"ஏய், சிடியப் போட்டு விட்டுட்டுச் சும்மா நிக்கிறாய்ங்கப்பா! கை ஒண்ணும் ஆடலயே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நதியாவின் விரல்கள் கட்டையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் மேசைக்கு முன்னால் உயர்த்திக் கட்டியிருந்த துணிக்குப் பின்னால் அது யார் கண்ணுக்குத் தெரியும்? அவளுக்குக் கண் எரிந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்து, திரையையே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

அந்த வருஷம் கரண்டு போகாத நாள் எது? ஸ்பீக்கர்கள் பொசுக்கென்று அடங்கின. விளக்குகள் அணைந்தன. பரணியின் லேப்டாப்பில் பேட்டரி செத்து வருஷமாயிற்று. ஒயரில் மட்டுமே உயிர்வாழ்கிற அது அப்படியே கறுத்துப்போனது. தாளம், அடிச்சுருதி, தயார்செய்த அத்தனையும் அதற்குள். அது மறுபடி எழுந்து உட்காரக் குறைந்தது ஐந்து நிமிஷமாகும். பரணி அந்த மங்கலில் நதியாவைப் பார்த்த பார்வை, தண்ணீரில் விழுந்தவன் பார்வையாக இருந்தது.

நதியாவின் லேப்டாப் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் பேட்டரி இருந்தது. பாட்டு ஒன்றும் இல்லை. அதனோடு இணைந்திருந்த அவளுடைய கீபோர்டும் மைக்கும் அதே பேட்டரியில் உயிரோடு இருந்தன.

இருட்டில் காசிமாயன் நாற்காலிமேல் ஏறிவிட்டான். கைகளை வாயருகே குவித்து, "சிடி நின்னுபோச்சு டோய்!" என்று கத்தினான்.

முற்றமே குலுங்கிச் சிரித்தது. ஒருவன் விசிலடித்தான்.

நதியாவுக்குள் அழுகை வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. அவன் குரலில் அந்த 'டோய்' நல்ல கனமாக, தோலில் அடித்த மாதிரி விழுந்ததை அவள் காது பிடித்துக்கொண்டது. மைக்கைக் கம்பத்திலிருந்து உருவினாள். ஒயர் நீளும் மட்டும் மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து காசிமாயன் பக்கம் நீட்டினாள்.

"என்னண்ணே சொன்னீங்க? சரியாக் கேக்கல. இதுல சொல்லுங்க."

கரண்டு இல்லாத மைக்கை நீட்டுகிறாளே என்று காசிமாயனுக்குக் கொண்டாட்டம். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். நாற்காலியிலிருந்து இறங்கி மேடைக்கே வந்து, மைக்கைப் பிடித்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக் கத்தினான்.

"சிடி நின்னுபோச்சு டோய்!"

நதியா லேப்டாப்புக்குத் திரும்பினாள். திரையில் அவன் குரல் மலைத்தொடர்போலக் கிடந்தது. அவள் வேலையே கோடுகளை எங்கே வெட்டுவது என்று பார்ப்பதுதான். 'சி'யை வெட்டி ஒரு கட்டையில் வைத்தாள். 'டி'யை அடுத்ததில். 'நின்னு', 'போச்சு', கடைசியாக அந்த 'டோய்'. அதன் சுருதியை மட்டும் இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினாள்.

"பரணியண்ணே, ஜெனரேட்டர் வந்ததும் உங்களத ஆன் பண்ணி வைங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

"எதை வச்சுங்க?"

பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன. ஸ்பீக்கர்கள் டப்பென்று உயிர்பெற்றன. நதியா மேசைக்கு முன்னால் மறைத்திருந்த துணியைச் சரக்கென்று உருவிக் கீழே போட்டாள். கையை உயரத் தூக்கி, கூட்டம் பார்க்கும்படி ஒரே ஒரு விரலால் தட்டினாள்.

"டோய்!"

காசிமாயனின் குரல், பூமிக்கடியிலிருந்து வருகிற மாதிரி ஆழமாக, முற்றம் அதிர விழுந்தது. காசிமாயன் அப்போதுதான் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான்.

இன்னொரு விரல். "நின்னு." மறுபடி "டோய்!" "நின்னு நின்னு நின்னு, டோய்!" 'சி' ஜால்ராவாகச் சிதறியது. 'டி' பறைக்குச்சியாகச் சொடுக்கியது. விரல்கள் ஓட ஓட, "சிசிடி நின்னு, சிசிடி நின்னு, போச்சு போச்சு டோய்!" என்று தாளம் கட்டிக்கொண்டு கிளம்பியது. அதைச் சுற்ற விட்டுவிட்டு நதியா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினாள்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆண்கள் பக்கமிருந்து எழுந்த கூச்சலில் மேடைத் துணி ஆடியது. காசிமாயனை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். "டேய், அது நான்டா! என் தொண்டைடா அது!" என்று அவன் மேலேயிருந்து கத்தினான்.

நதியா மைக்கை எடுத்துக்கொண்டு விளிம்பில் நடந்தாள். இப்போது எல்லாரும் மைக்குக்குக் கைநீட்டினார்கள். கைதட்டச் சொன்னாள், தட்டினார்கள், பிடித்து உள்ளே போட்டாள். பீகார்ப் பையன்கள் "ஏக் பார் ஔர்! ஏக் பார் ஔர்!" என்று இன்னொரு தரம் கேட்டுக் குதித்தார்கள். அதையும் பிடித்தாள். அது தாளத்துக்குள் போய் விழுந்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஒருவன் பொரிப் பொட்டலத்தை மைக் முன்னால் குலுக்கினான். அதுவும் சலங்கையாயிற்று.

பெண்கள் பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. நதியா மேடையை விட்டு இறங்கி, ஒயரை இழுத்துக்கொண்டு, செக்கிங் பிரிவு வரிசைக்குப் போனாள். ஒச்சாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மா, குலவை போடு."

"அடி போடி! எல்லாரும் பாக்குறாகடி!"

"பாக்கத்தாம்மா போடச் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் ஒச்சாயியின் இடுப்பைக் குத்தினார்கள். அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஊர்ப் பொங்கலில் முளைப்பாரி தூக்குகிறபோது போடுகிற குலவையை, அந்த ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே, வான்நோக்கி விட்டாள். தெற்கத்திப் பெண்கள் அத்தனை பேருக்கும் அதற்குமேல் நாக்கு சும்மா இருக்குமா? வரிசை வரிசையாகக் குலவை எழுந்தது. கொங்குப் பெண்கள் அவர்களைப் பார்த்து முயன்று, வராமல், வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் மைக்கில் விழுந்தது.

நதியா ஓடி மேடையேறினாள். குலவையை எடுத்துக் கட்டைகளில் பரப்பி, ஒரு ராகம்போல மேலும் கீழும் வாசித்தாள். அம்மாவின் குரல் அவள் விரலுக்கு ஏறியது, இறங்கியது, நீண்டு நின்றது. அதே நேரம் பரணியின் லேப்டாப்பும் எழுந்து உட்கார்ந்தது. அவன் தயார்செய்த தாளத்தைத் தேடவில்லை. அதில் ஆர்மோனிய ஓசையை மட்டும் திறந்தான். பஜனையில் வாசிக்கிற கைதான். கண்ணை மூடி, அந்தக் குலவைக்குக் கீழே ஒரு சுருதியைப் பரப்பினான். அது வந்து சேர்ந்ததும், அதுவரை வெறும் ஆரவாரமாக இருந்தது பாட்டாகிவிட்டது. 

நடுவில் அவள் ஒரு தப்பு விட்டாள். 'டோய்' ஒரு தட்டு முந்தி விழுந்துவிட்டது. உடனே மூன்றாவது வரிசையிலிருந்து காசிமாயன், "ஏத்தா, என்னைய முந்தி விட்டுட்டயே!" என்று கத்தினான். இரண்டாயிரம் பேரும் சிரித்தார்கள். நதியாவும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இத்தனை நாளில் அவளுக்கு யாரும் கொடுத்த பாராட்டு இவ்வளவு இனித்ததில்லை.

அரை மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. கந்தப்பன் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு மேடைப் பக்கம் வந்தார். மருதாசலம் முன்வரிசையிலிருந்து கையமர்த்தி அவரை உட்காரச் சொன்னார். மெல்லிசைக் குழுவின் டோலக்குக்காரர் பொறுக்கமாட்டாமல் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கே வந்து, "நானும் கொஞ்சம் சேர்ந்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். அவர் பின்னாலேயே குழல்காரரும் ஏறினார். அன்று சினிமாப் பாட்டு வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்த அந்தக் குழு, பாட்டுக்கு நடுவிலெல்லாம் நதியாவை அழைத்து அந்த 'டோய்'யைப் போடச் சொல்லியே கச்சேரியை முடித்தது.

முடிந்தபிறகு மருதாசலம் மேடைக்கு வந்து இருவருக்கும் சால்வை போர்த்தினார். "ஏங்கண்ணு, என்ர குரலைப் புடிக்க மறந்துட்டியே" என்றார். குரலில் உண்மையாகவே ஒரு குறை இருந்தது. சித்ராதேவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "இன்னைக்குக் கண்ணைத் திறந்துட்டேதான் கேட்டேனுங்க!" என்று நதியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஒச்சாயி பக்கத்தில் வரவில்லை. அவளைச் சுற்றி முப்பது பெண்கள் நின்றிருந்தார்கள். "அந்தக் கடைசி இழுப்பு இழுத்துச்சே, அது என் குலவைதான். எம்மக வாசிச்சா" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, காசிமாயன் போன இடமெல்லாம் 'டோய்' என்றே வரவேற்பு. அவன் டீ நேரத்தில் டிசைன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஆத்தா, அந்த என் கொரல எதுலயாச்சும் பதிஞ்சு குடு. ஊருக்குக் கொண்டுபோயி எம் பொண்டாட்டிட்ட போட்டுக் காட்டணும். போன்ல சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

"அது இல்லண்ணே."

"எங்க போச்சு?"

"அன்னைக்கு இருந்த பதட்டத்துல சேமிச்சு வைக்கவே தோணல. அப்பவே வாசிச்சு அப்பவே போயிருச்சு."

காசிமாயன் முகம் விழுந்துவிட்டது. பரணிக்கே பாவமாக இருந்தது. "தீபாவளி முடிஞ்சு தாராபுரத்துல வியாபாரிங்க சங்கத்து விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. நம்ம முதலாளி சொல்லி விட்டதுங்க" என்றான்.

காசிமாயன் யோசித்தான்.

"அப்ப அங்கயும் யாராச்சும் கத்தணும்ல?"

"கண்டிப்பாக் கத்தணும்" என்றாள் நதியா.

"அந்த ஊர்க்காரய்ங்களுக்கு அம்புட்டுத் தொண்டை கெடையாது ஆத்தா" என்றான் காசிமாயன். கதவைத் திறந்து வெளியே போகப்போனவன் திரும்பி, "எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டான்.